வீட்டில் சி கம்பைலரும் டிபக்கரும் போடுவது எப்படி? லோரி எடைக் கணக்கு ஏன் தப்பாக வருகிறது?

தராசுக்காரி, சுங்கை சிப்புட்
சனி, இரவு 10:20

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் ஒன்பது வருடமாகத் தராசு கிராணியாக இருக்கிறேன். குலை ஏற்றிய லோரி தராசில் ஏறினால் ஓர் எடை, கொட்டிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது இன்னோர் எடை. கழித்தால் நிகர எடை. லோரிக்காரர்களுக்குக் கூலி டன் கணக்கில்தான். என் மேசையில் ஓர் எண் தப்பினால் ஒருவர் வீட்டு மளிகையில் துண்டு விழும். ஆலைக் கணினியில் அதற்கென்று மென்பொருள் இருக்கிறது. இருந்தாலும் நான் பச்சை அட்டை நோட்டில் கையாலும் எழுதி வைப்பேன். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்தில் அன்றன்றைய பால் எடையைச் சுவர் நாட்காட்டியில் குறித்து வைப்பார். அதைப் பார்த்து வந்த பழக்கம்.

இந்த வருடம், முப்பத்து நான்கு வயதில், பகுதி நேர டிப்ளோமாவில் சேர்ந்திருக்கிறேன். ஞாயிறுதோறும் ஈப்போவில் வகுப்பு. இந்தத் தவணைக்கு சி நிரல்மொழி. பாடம் மலாயில், புத்தகம் ஆங்கிலத்தில். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது எல்லாம் புரிகிறது. வீட்டுக்கு வந்தபின் கேட்க ஆள் இல்லை.

கல்லூரிக் கணினியில் இன்னமும் அந்த நீலத்திரை டர்போ சிதான். போன வாரம் ஐந்து லோரி எடையைக் கூட்டிக் காட்டும் நிரல் எழுதினேன். ஒவ்வொரு லோரிக்கும் பிறகு அதுவரை சேர்ந்த மொத்தத்தைக் காட்டும். எடை கிலோவில். 11,960 என்று காட்டியது, அப்புறம் 25,180. மூன்றாவது லோரி 12,480. அதைச் சேர்த்ததும் மொத்தம் மைனஸ் 27,876 என்று வந்தது. செம்பனைக் குலை எப்படி மைனஸில் போகும்? விரிவுரையாளர் "இன்ட்டை லாங் என்று மாற்று" என்றார். மாற்றினேன், சரியாகிவிட்டது. ஆனால் ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் சரியான கணக்கை எப்படி நம்புவது?

வீட்டில் விண்டோஸ் 10 போட்ட பழைய மடிக்கணினி, 4 ஜிபி ரேம். போன மாதம் மத்தியான இடியில் மோடம் எரிந்துபோனது. இப்போது கைப்பேசி டேட்டாவைத்தான் பகிர்ந்துகொள்கிறேன். ஏற்கெனவே ஒரு முறை ஏதோ ஒரு தளத்தில் "இலவச டர்போ சி" என்று இருந்ததை இறக்கி, கணினி முழுக்க விளம்பரமாகிவிட்டது. ஒரு கடையில் கொடுத்தேன். 80 வெள்ளி வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் அழித்துத் திருப்பித் தந்தார்கள், என் பயிற்சிக் கோப்புகளும் சேர்ந்து போயின. அதனால் இந்த முறை தெரிந்தவர்களைக் கேட்டுவிட்டே கை வைக்கிறேன்.

இரண்டு கேள்விகள். வீட்டில் எதைப் போடுவது? நிரல் தப்பாக ஓடும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழி உண்டா? வகுப்பில் எல்லாரும் மதிப்பைத் திரையில் காட்டும் பிரின்ட்எஃப் கட்டளையை வரிக்கு வரி போட்டுத் தேடுகிறார்கள். டிபக்கர் என்று ஒன்று இருப்பதாகப் புத்தகத்தில் ஒரு பக்கம் வருகிறது. அந்தப் பக்கத்தைத் தாண்டிவிட்டார்கள்.

பாயான் லெப்பாஸ் ஆள்
சனி, இரவு 11:48

வணக்கம் தங்கச்சி. நான் பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் மின்சுற்றுப் பலகைகளைச் சோதிக்கும் கருவிகளுக்கு நிரல் எழுதுகிறவன். எல்லாம் சியில்தான். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் அந்த மைனஸ். டர்போ சி டாஸ் காலத்துப் பொருள், போர்லாண்ட் நிறுவனம் 1987-இல் வெளியிட்டது. அதில் இன்ட், அதாவது முழு எண் வைக்கும் இடம், 2 பைட், 16 பிட். மைனஸ் 32,768 முதல் 32,767 வரைதான் அதில் அடங்கும். உங்கள் மூன்றாவது லோரியோடு மொத்தம் 37,660. அது அந்த இடத்தில் கொள்ளாது. 16 பிட்டில் மொத்தம் 65,536 வெவ்வேறு எண்கள் உண்டு, அதைக் கழித்துப் பாருங்கள்: 37,660 கழித்தல் 65,536, மைனஸ் 27,876. நீங்கள் பார்த்த எண் கிலோ பிசகாமல் அதேதான். லாங் போட்டதும் 4 பைட் கிடைத்தது, அதனால் சரியானது. இப்போதைய கம்பைலர்களில், அதாவது நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்களில், இன்ட்டே 4 பைட். 214 கோடிக்கு மேல் போகும்வரை இந்தத் தொல்லை இல்லை.

டர்போ சியை வீட்டில் போடவே வேண்டாம். 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல் நேராக ஓடாது, டாஸ்பாக்ஸ் என்ற இன்னொன்றுக்குள் வைத்து ஓட்ட வேண்டும். உங்கள் கல்லூரியிலும் அப்படித்தான் ஓட்டுவார்கள். அதே 1987-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட ஜிசிசி என்ற கம்பைலர் இன்றும் வருடா வருடம் புதிதாக வந்துகொண்டிருக்கிறது, இலவசம். அதன் ஜோடி ஜிடிபி என்ற டிபக்கர், ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்க்க உதவுவது. இந்த இரண்டும் போதும். வேலைக்குப் போகிற இடங்களிலும் இவைதான் இருக்கும்.

விண்டோஸில் இவற்றைப் போட மூன்று வழி. எம்சிஸ்2 என்பது ஒன்று, நல்லது, ஆனால் முதல்முறை டேட்டா கொஞ்சம் தின்னும். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் இன்னொன்று, 4 ஜிபி ரேமில் மூச்சு வாங்கும். உங்களுக்கு நான் சொல்வது கோட் பிளாக்ஸ். எழுதும் இடம், ஜிசிசி, ஜிடிபி மூன்றும் ஒரே பொதியில், ஏறக்குறைய 150 எம்பி. அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். அங்கே பல கோப்புகள் வரிசையாக இருக்கும். பெயரில் மிங்டபிள்யூ என்றும் செட்டப் என்றும் இரண்டும் சேர்ந்து இருப்பதை எடுங்கள். மிங்டபிள்யூ இல்லாததை எடுத்தால் கம்பைலரே உள்ளே இருக்காது. "கம்பைலரைக் காணோம்" என்று அது சொல்லும், நாமோ எதையோ தப்பாகப் போட்டுவிட்டோம் என்று அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருப்போம். பலர் விடுவது இங்கேதான்.

கம்பைல் செய்யும்போது இரண்டு சுவிட்சுகளை மறக்காதீர்கள். ஹைபன் போட்டு ஜி. இது இருந்தால்தான் எந்த வரி, எந்த மாறி என்ற விவரம் நிரலுக்குள் தங்கும், டிபக்கர் அதைப் படித்துத்தான் பேசும். ஹைபன் போட்டுப் பெரிய டபிள்யூ, ஒட்டியே ஆல். இது சந்தேகமான வரிகளை எச்சரிக்கும். தட்டிய எண்ணைப் படிக்கும் ஸ்கேன்எஃபில் அந்த & குறியை விட்டுவிட்டால் கம்பைலர் சும்மா விட்டுவிடும், நிரல் ஓடும்போது விழும். இந்தச் சுவிட்ச் இருந்தால் கம்பைல் ஆகும்போதே சொல்லிவிடும்.

லாருட் வாத்தியார்
ஞாயிறு, காலை 7:05

வணக்கம் அம்மா. தைப்பிங்கில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகளுக்கு வீட்டில் கணினி சொல்லித் தருகிறேன். தம்பி சொன்ன கோட் பிளாக்ஸே சரி. அதில் மாணவர்கள் தடுக்கி விழும் இடங்களைச் சொல்கிறேன்.

கோப்பை டெஸ்க்டாப்பில் வைக்காதீர்கள். விண்டோஸில் உங்கள் பயனர் பெயரில் இடைவெளி இருந்தால் டெஸ்க்டாப்புக்குப் போகும் பாதையிலும் இடைவெளி வரும். தமிழில் ஃபோல்டர் பெயர் வைத்தாலும் இதே சிக்கல். கம்பைல் ஆகும், ஓடும், ஆனால் டிபக்கர் நீங்கள் குறித்த இடத்தில் நிற்காமல் ஓடிவிடும். சி டிரைவில் நேராக ஒரு ஃபோல்டர் போடுங்கள், பெயர் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருக்கட்டும்.

அடுத்து, தனிக் கோப்பாகத் திறந்து எழுதினால் டிபக்கர் வேலை செய்யாது. ப்ராஜெக்ட் என்று ஒன்று தொடங்க வேண்டும், கன்சோல் அப்ளிகேஷன், மொழி சி. மேலே கருவிப்பட்டையில் டிபக் என்றும் ரிலீஸ் என்றும் தேர்வு இருக்கும். டிபக்கில் வையுங்கள், தம்பி சொன்ன அந்த ஜி தானாகச் சேர்ந்துவிடும்.

பிறகு விசைகள். எஃப்5 அழுத்தினால் அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு விழும். எஃப்8 ஓட்டத்தைத் தொடங்கும், பொட்டு வந்த வரியில் நிற்கும். எஃப்7 ஒரு வரி நகரும். மெனுவில் வாட்சஸ் சாளரத்தைத் திறந்து வைத்தால் ஒவ்வொரு வரியிலும் மாறிகளின் மதிப்பு மாறுவதைப் பார்க்கலாம். மஞ்சள் அம்பு நிற்கும் வரி இன்னும் ஓடாத வரி. என் மாணவர்களில் பாதிப் பேர் அந்த வரி ஓடிவிட்டது என்று நினைத்து, மதிப்பு மாறவில்லையே என்று குழம்புவார்கள். எஃப்7 ஒரு தடவை அழுத்திய பிறகு பாருங்கள்.

மின்ட் பையன்
ஞாயிறு, மதியம் 1:30

அக்கா, நான் பாலிடெக்னிக் மாணவன், பீடோர். என் கருத்து வேறு. உங்கள் பழைய கணினிக்கு லினக்ஸ் மின்ட் போட்டால் விண்டோஸைவிட லேசாக ஓடும். அதில் பில்ட் எசென்ஷியல், ஜிடிபி என்று இரண்டு பெயரைச் சொல்லி ஒரே கட்டளையில் இறக்கிவிடலாம். நினைவகத் தப்பைக் கண்டுபிடிக்க வால்கிரைன்ட், அட்ரஸ் சானிடைசர் எல்லாம் அங்கேதான் ஒழுங்காக ஓடும். மிங்டபிள்யூவில் சானிடைசர் கிடையாது. பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், எதையும் அழிக்க வேண்டியதில்லை.

பாயான் லெப்பாஸ் ஆள்
ஞாயிறு, மதியம் 2:10

தம்பி சொல்வது உண்மை. நானும் வேலையில் லினக்ஸ்தான். ஆனால் மின்ட் இறக்க 2 ஜிபிக்கு மேல் டேட்டா வேண்டும். அவரிடம் இருப்பது கைப்பேசி டேட்டா. தவணை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்.

தராசுக்காரி, சுங்கை சிப்புட்
வியாழன், இரவு 9:35

அண்ணா, ஐயா, தம்பி, மூவருக்கும் நன்றி. செவ்வாய் இரவு இறக்கினேன். சி டிரைவில் ஒரு ஃபோல்டர், ஒரே சொல். முதல் ஓட்டத்திலேயே ஐந்து லோரியின் மொத்தம் 60,550 என்று வந்தது. நோட்டிலும் அதே. இன்ட்டை மாற்றவே இல்லை. மைனஸ் 27,876-ஐ நோட்டின் ஓரத்தில் கழித்துப் பார்த்தேன், அண்ணா சொன்ன மாதிரியே வந்தது. அதைப் பார்த்தபோது மனசுக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? கணினி தன் இஷ்டத்துக்கு ஓர் எண்ணைக் காட்டவில்லை, அதற்கும் ஒரு கணக்கு இருந்திருக்கிறது.

இப்போது புதுச் சிக்கல். எடைக்குப் பக்கத்தில் ஓட்டுநர் பெயரும் வர வேண்டும், அதுவும் தமிழில் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நோட்பேடில் ஒரு கோப்பு. வரிக்கு ஒரு லோரி, முதலில் எடை, பிறகு பெயர். பெயர்கள் நான் சும்மா போட்டவை:

11960 மணி
13220 குமார்
12480 முருகன்
10740 அன்பு
12150 செல்வம்

நிரலில் ஒரு ஸ்ட்ரக்ட், பல விவரங்களைச் சேர்த்து வைக்கும் பெட்டி மாதிரி. அதில் பெயருக்கு 20 பைட் கேரக்டர் வரிசை, அதற்கு அடுத்து எடைக்கு ஓர் இன்ட். நிரல் தொடங்கும் மெயின் பகுதிக்கு வெளியே இப்படி ஐந்து கொண்ட பட்டியல். கோப்பிலிருந்து படிக்கும் எஃப்ஸ்கேன்எஃபில் எடைக்கு %டி, பெயருக்கு %எஸ் என்று ஒரே வரியில் இரண்டையும் படிக்கிறேன். கம்பைலர் ஒரு எச்சரிக்கையும் சொல்லவில்லை, அந்த ஆல் சுவிட்சும் போட்டிருக்கிறேன். நிரல் விழவும் இல்லை. ஆனால் மொத்தம் 36,202.

ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னேன். மணி சரி, குமார் சரி, அன்பு சரி. முருகன் லோரி 141 கிலோ. செல்வம் லோரியும் 141 கிலோ. இரண்டுக்கும் எப்படி ஒரே எண் வரும்? கோப்பில் எடையை மாற்றிப் பார்த்தேன். 12,480 இடத்தில் 9,000 போட்டாலும் 141-தான். விழுந்திருந்தால்கூட எங்கே விழுந்தது என்று பார்த்திருப்பேன். இது விழாமல், ஒழுங்கான நிரல் மாதிரியே ஓடி முடிந்து, இரண்டு பேர் கூலியை எடுத்துக்கொண்டு போகிறது.

மின்ட் பையன்
வியாழன், இரவு 9:58

அக்கா, இதற்குத்தான் சானிடைசர் கேட்டேன். கோப்பை அனுப்புங்கள், என் கணினியில் ஓட்டி ஒரு நிமிடத்தில் சொல்கிறேன்.

பாயான் லெப்பாஸ் ஆள்
வியாழன், இரவு 10:40

அனுப்பிப் பாருங்கள். ஆனால் இந்தத் தப்பை அது சொல்லாது என்றே நினைக்கிறேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

தங்கச்சி, விடை எனக்குத் தெரிகிற மாதிரி இருக்கிறது. ஆனாலும் இப்போது சொல்லப் போவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கையில் ஜிடிபி இருக்கிறது, நீங்களே பிடிக்கலாம். ஒரு மதிப்பு யாருக்கும் தெரியாமல் மாறுகிறது என்றால் வரிவரியாக நடக்க வேண்டியதில்லை. அந்த இடத்துக்கே காவல் போடலாம். அதற்குத்தான் வாட்ச் கட்டளை.

கோட் பிளாக்ஸ் ஃபோல்டருக்குள் மிங்டபிள்யூ, அதற்குள் பின், அதில் ஜிடிபி இருக்கும். கறுப்புக் கட்டளைத் திரையைத் திறந்து, உங்கள் ப்ராஜெக்ட் ஃபோல்டரில் நின்றுகொண்டு அதை முழுப் பாதையோடு கூப்பிடுங்கள். வேறிடத்தில் நின்றால் உங்கள் எடைக் கோப்பு நிரலுக்குக் கிடைக்காது. பிரேக் மெயின் கொடுங்கள், ரன் கொடுங்கள். நின்றதும் வாட்ச் என்று தட்டி, பட்டியலில் 2-ஆம் இடத்து எடை என்று எழுதுங்கள். எண்ணிக்கை 0-வில் தொடங்குவதால் முருகன் 2. அங்கே லோரிகளை வரிசையாக எண்ணும் ஐ என்ற மாறியைப் போடாதீர்கள், எண்ணையே போடுங்கள். ஐ மாறினால் காவலும் இடம் மாறிவிடும். பிறகு கன்டினியூ. அந்த 4 பைட்டில் எது மாறினாலும் நிரல் நிற்கும், பழைய மதிப்பும் புதிய மதிப்பும் காட்டும். கன்டினியூ கொடுத்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு முறையும் என்ன காட்டுகிறது என்று உங்கள் பச்சை நோட்டில் எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் எக்ஸ், சாய்கோடு, 24, எக்ஸ், பி என்று ஒட்டித் தட்டி, ஓர் இடைவெளி விட்டு & குறியோடு பட்டியலின் 2-ஆம் இடத்தைக் கொடுங்கள். அந்த லோரிக்கு ஒதுக்கிய 24 பைட்டும் வரிசையாக வரும்.

மின்ட் பையன்
வெள்ளி, காலை 8:15

அண்ணா சொன்னது சரி. சானிடைசர் ஒரு வார்த்தை பேசவில்லை, வால்கிரைன்டும் பேசவில்லை. எனக்கும் 141-தான் வருகிறது. ஏன் என்று எனக்கும் சொல்லுங்கள்.

தராசுக்காரி, சுங்கை சிப்புட்
வெள்ளி, இரவு 11:50

பிடித்துவிட்டேன். இரண்டு மணி நேரம் ஆனது. நோட்டில் எழுதியதை அப்படியே தருகிறேன்.

முதல் நிறுத்தம்: பழையது 0, புதியது 12480. இது %டி எடையைப் படித்த நேரம். இதுவரை எல்லாம் சரி. கன்டினியூ.

இரண்டாவது நிறுத்தம்: பழையது 12480, புதியது 12429. இங்கே எனக்குக் கை நின்றுவிட்டது. எடையை நான் இன்னொரு தடவை தொடவே இல்லையே. எதை எது கூப்பிட்டு இங்கே வந்தது என்று காட்டும் பேக்டிரேஸ் கேட்டேன். மேலே ஏதோ நூலகத்துக்குள் நிற்பதாகக் காட்டியது. கீழே வந்து பார்த்தால் என் மெயின், அதே எஃப்ஸ்கேன்எஃப் வரி. கன்டினியூ.

மூன்றாவது நிறுத்தம்: பழையது 12429, புதியது 141.

அப்படியானால் எடையைப் படித்த அதே வரி, பெயரைப் படிக்கும்போது எடையைக் கெடுக்கிறது. பெயரும் எடையும் அடுத்தடுத்த வீடு. பிறகு அந்த 24 பைட்டைக் கேட்டேன். வரிக்கு எட்டாக மூன்று வரி வந்தது. கடைசி வரி இப்படி இருந்தது:

ஏஇ, ஏ9, இ0, ஏஎஃப், 8டி, 00, 00, 00

இதில் முதல் நான்கு பெயருக்குச் சொந்தம், அடுத்த நான்கு எடைக்குச் சொந்தம். 8டி என்றால் பதினாறின் கணக்கில் 8 பெருக்கல் 16, கூட்டல் 13. அதாவது 141!

அப்புறம்தான் உறைத்தது. நோட்பேட் கோப்பை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமிக்கிறது. அதில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். முருகன் என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்கு ம, உகரக் கொம்பு, ர, உகரக் கொம்பு, க, ன, புள்ளி என்று ஏழு. ஏழு மூன்று 21. முடிவைக் குறிக்கும் பூஜ்யத்தோடு 22. நான் கொடுத்த இடம் 20. கடைசிப் புள்ளியின் மூன்று பைட்டில் இ0, ஏஎஃப் இரண்டும் பெயருக்குள் அடங்கிவிட்டன. 8டி மட்டும் பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டது, அதன் பின்னால் பூஜ்யமும் போனது. முதலில் 8டி விழுந்தபோது 12429, பூஜ்யம் விழுந்தபோது 141.

செல்வமும் ச, எகரக் கொம்பு, ல, புள்ளி, வ, ம, புள்ளி என்று ஏழுதான், முடிவதும் புள்ளியில்தான். அதனால்தான் இரண்டு பேருக்கும் ஒரே 141. குமார் ஆறு, 18 பைட், தப்பித்துவிட்டார். மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் அந்தச் சின்னப் புள்ளி 12 டன் குலையை விழுங்கிவிட்டது. பிரின்ட்எஃப் போட்டுத் தேடியிருந்தால் 141-ஐத்தான் திரும்பத் திரும்பப் பார்த்திருப்பேன், அது எப்போது வந்தது என்று தெரிந்திருக்காது.

பெயருக்கு 64 பைட் கொடுத்துவிட்டேன். %எஸ் இருந்த இடத்தில் எஸ்ஸுக்கு முன்னால் 63 போட்டேன். முடிவுப் பூஜ்யத்துக்கு ஒன்று வேண்டும் என்பதால் 64 இல்லை, 63. இப்போது முருகன் 12,480, செல்வம் 12,150, மொத்தம் 60,550.

பாயான் லெப்பாஸ் ஆள்
சனி, காலை 9:20

தங்கச்சி, இதைவிடத் தெளிவாக எனக்கும் சொல்ல வராது. 20-ஐ அப்படியே வைத்து 19 என்று மட்டும் போடாமல் இடத்தையே கூட்டியது மிகவும் சரி. 19 போட்டிருந்தால் முருகனின் கடைசிப் புள்ளி பாதியில் வெட்டுப்படும், அதோடு மிச்ச 2 பைட் கோப்பிலேயே தங்கி, அடுத்த லோரியின் எடையாகப் படிக்கப் பார்க்கும். அது எண் இல்லை என்பதால் அதற்குப் பிறகு ஒன்றுமே படிக்காது. எஃப்ஸ்கேன்எஃப் திருப்பித் தரும் எண் 2 தானா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கும் ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். நாளைக்கு யாராவது எடை எழுத மறந்தாலும் அது பிடிக்கும்.

மின்ட் தம்பிக்கு: சானிடைசரும் வால்கிரைன்டும் நிரலுக்குச் சொந்தமில்லாத நினைவகத்தைத் தொட்டால்தான் கத்தும். இங்கே பெயரும் எடையும் ஒரே ஸ்ட்ரக்டுக்குள் இருக்கின்றன. வேலிக்கு உள்ளேயே ஒரு பாத்தியிலிருந்து இன்னொரு பாத்திக்குத் தண்ணீர் பாய்ந்திருக்கிறது. வேலியைக் காவல் காப்பவருக்கு அது தெரியாது.

லாருட் வாத்தியார்
சனி, மதியம் 3:00

மிகவும் சந்தோஷம் அம்மா. ஒன்று கேட்கிறேன். இந்தக் கோப்பையும் நிரலையும், திருத்துவதற்கு முந்தைய நிலையில், என் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? அவரவர் பெயரையே போட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

தராசுக்காரி, சுங்கை சிப்புட்
சனி, இரவு 8:45

தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா. அவரவர் பெயரைப் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆறு குறியீட்டுக்குள் அடங்கும் பெயர் என்றால் தப்பே வெளியே தெரியாது, அந்தப் பிள்ளை தன் நிரல் சரி என்று நினைத்துவிடும். சரியாக ஏழு வந்து புள்ளியில் முடிந்தால் 141 வரும். நேற்று கிருஷ்ணன் என்று போட்டுப் பார்த்தேன், ஒன்பது குறியீடு. எடையின் நான்கு பைட்டும் போய், வாயில் நுழையாத ஓர் எண் வந்தது. அதனால் வகுப்பில் சின்னப் பெயர் உள்ள பிள்ளைகளுக்கு அப்பா பெயரையும் ஒட்டி எழுதச் சொல்லுங்கள். நடுவில் இடைவெளி மட்டும் விட வேண்டாம், %எஸ் அங்கேயே நின்றுவிடும்.